எல்லாரும் ஒரே பக்கம்: களவு போன நடராசர் வீடு திரும்பின கதை

304 விளையாடேக்க ரெண்டு பேர் ஒரு பக்கம், ரெண்டு பேர் மறுபக்கம். போர்ட் கேம்களில் வேறொரு வகை இருக்கு. மேசையைச் சுற்றி இருக்கிற எல்லாரும் ஒரே பக்கம். எதிராளி அந்தப் பலகைதான். வென்றால் எல்லாரும் வெல்லுவம், இல்லாட்டி எல்லாருக்கும் தோல்வி. 2008இல் வந்த 'பாண்டமிக்' இந்த வகையைப் பிரபலமாக்கியது. களவு போன கலைப்பொருட்களைச் சேர்ந்து மீட்கிற ஆட்டமும் இந்த வகையில் இருக்கு.

அந்த ஆட்டம் கடலுக்கு அங்கால நிஜமாவே நடந்தது. தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்றொரு ஊர். அங்கே பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயிலுக்குள் 2006இல் கள்ளர் புகுந்தார்கள். நடராசர் உட்படப் பல செப்புத் திருமேனிகள் போய்விட்டன. ஊருக்குத் தெரிய வந்தது 2008இல். அதற்குள் அந்த நடராசரை அவுஸ்திரேலியத் தேசிய கலைக்கூடம் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியிருந்தது. விற்றவர் நியூயோர்க் வணிகர் சுபாஷ் கபூர். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காட்டும் போலிப் பத்திரமும் கூடவே இருந்தது.

அந்தப் பொய்யை உடைத்தது ஒரு பழைய படம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல வருடங்களாகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைப் படமெடுத்து வைத்திருந்தது. சிங்கப்பூரில் இருந்த விஜயகுமார் என்ற வலைப்பதிவரும், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேசன் ஃபெல்ச்சும் 2013இல் இந்த ஒப்பீட்டை வெளியே கொண்டுவந்தார்கள். கபூர் 2011இலேயே ஜேர்மனியில் பிடிபட்டிருந்தார். 2014 செப்டெம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து சிலையைக் கையளித்தார்.

படமெடுத்தவர், ஒப்பிட்டவர், எழுதினவர், பொலிஸ். இதில் ஒருத்தர் இல்லாட்டியும் ஆட்டம் தோல்விதான்.

சரி, எங்கட பக்கம்? 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவே இல்லை. 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து சனம் எழும்பினபோது கோயில்களில் இருந்த எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு போக ஏலுமா? 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' திட்டம் எழுத்துக்களை மின்வடிவில் சேர்க்குது. சிலைகளுக்கும் அதே வேலை வேணும்.

திருவிழாப் படங்கள் எங்கட போனில் நிறைய இருக்கே என்பீர்கள். அவை உதவாது. சாத்துப்படிக்குள்ள சாமியின் முகம் மட்டும்தான் தெரியும். அடையாளம் இருப்பது பின்பக்கத்தில், பீடத்தில், பழைய கீறலில். அலங்காரம் இல்லாமல் எடுக்க ஐயரும் பரிபாலன சபையும் சம்மதிக்க வேணும். சில ஊர்களில் அது ஆசாரத்துக்கு ஒவ்வாது என்றும் சொல்லுவினம். அவர்களையும் மேசையில் இருத்தி, அவர்களே எடுத்து அவர்களே வைத்திருக்கட்டும் என்று கேட்கலாம். முகநூலில் போடத் தேவையில்லை. உயரம், திகதி எழுதி, ரெண்டு இடத்தில் பத்திரமாக இருந்தால் போதும்.

களவு போன பிறகு எடுக்க முடியாத ஒரே சாட்சி அந்தப் படம்தான்.