சர் சாம்ப்சனின் குலப்பெருமை: ‘ஆன்டிடிலூவியன்’ நகைப்புச் சொல்லான காலம்

‘ஆன்டிடிலூவியன்’ என்ற ஆங்கிலப் பெயரடையின் நேர்ப்பொருள், நோவா காலத்துப் பிரளயத்துக்கு முந்தையது என்பது. இன்று ஒரு கருத்தையோ கருவியையோ அச்சொல்லால் சுட்டினால் ஏளனமே முந்திக்கொள்ளும். இந்த இறக்கத்துக்கு நிலவியலைக் காரணம் காட்டுவது நெடுநாள் வழக்கு. 1830-33இல் லையலின் ‘நிலவியல் கோட்பாடுகள்’ வெளிவந்தது, பிரளயம் அறிவியலிலிருந்து விலகியது, அதைத் தாங்கிய சொல்லும் மதிப்பிழந்தது என்பார்கள். கால வரிசை இவ்விளக்கத்துக்கு இடம்தரவில்லை.

1695இல் லண்டனில் மேடையேறிய காங்கிரீவின் ‘லவ் ஃபார் லவ்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தைப் பார்க்கலாம். தன் மகன் காதலிக்கும் ஏஞ்சலிக்காவைத் தானே மணக்கத் துணிகிறார் கிழவர் சர் சாம்ப்சன். வயது தடையாகாது என்று காட்ட, தம் முன்னோர் ஐம்பது வயதுக்குப் பிறகே மணந்து எண்பது வரை பிள்ளை பெற்றவர்கள் என்கிறார். அந்த வேகத்திலேயே, வெள்ளத்தாலும் அழிக்க முடியாத ஓர் ‘ஆன்டிடிலூவியன்’ குடும்பத்தின் கிளை தாம் என்கிறார். இச்சொல் இடம்பெற்ற தாமஸ் பிரவுனின் நூல் வெளிவந்தது 1646இல். இச்சொல்லை உருவாக்கியவராகப் பொதுவாகக் கருதப்படுபவர் அவர்தான். அதன்பின் ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை.

இவ்விடத்தைக் கிழவரின் முதுமை மீதான கேலியாக மட்டும் வாசிப்பது போதாது. சாம்ப்சன் வாயில் இச்சொல் தளர்ச்சியைக் குறிக்கவில்லை, வலிமையைக் குறிக்கிறது. ஆதியாகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் மெத்தூசலா 969 ஆண்டு வாழ்கிறார். நோவா 500 வயதான பின்பு மூன்று மகன்களைப் பெறுகிறார். அந்த நீண்ட ஆயுளையும் பிள்ளைப்பேற்றையுமே சாம்ப்சன் உரிமை கொண்டாடுகிறார். ஆனால் அதே வேதநூலின்படி வெள்ளத்துக்குப் பின் எஞ்சியது நோவாவின் குடும்பம் மட்டும். அப்படியானால் அரங்கில் இருந்த ஒவ்வொருவரும் பிரளயத்துக்கு முந்தைய குடும்பத்தின் கிளைதான். தமக்கே உரியதாக அவர் காட்டும் பெருமை ஊருக்கெல்லாம் பொது. வேதக்கதையை நன்கு அறிந்து நம்பிய அவைக்கே இந்த நகை முழுமையாக எட்டும். ஏஞ்சலிக்காவும் வேதத்தாலேயே அவரை மடக்குகிறாள். தம் பெயரை வைத்து அவர் வலிமை பேசும்போது, அப்பெயருடையவர்களில் மிக வலியவன் கடைசியில் ஒரு பழைய வீட்டைத் தன் தலைமேலேயே இழுத்துப் போட்டுக்கொண்டான் என்று நினைவூட்டுகிறாள். ஆக, இங்கே சிரிப்பைப் பிறப்பிப்பது நம்பிக்கையின் சரிவன்று, நம்பிக்கைதான்.

அதே 1695இல்தான் உட்வர்டு, பாறை அடுக்குகளுக்குப் பிரளயத்தைக் காரணமாக்கும் தம் நூலை வெளியிட்டார். அதற்குமுன் பர்னெட், பிரளயத்துக்கு முந்தைய மனிதரின் நீண்ட ஆயுளுக்கு அக்காலப் பூமியின் மாறாத இளவேனிலைக் காரணமாக்கியிருந்தார். அறிஞர் மேசையில் இச்சொல் முழு மதிப்போடு இருந்த நாளிலேயே மேடையில் அது நகையும் ஆயிற்று.

ஒற்றை நாடக வசனத்தின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்பார்கள். மேடை வசனம் கேட்ட கணத்தில் புரியவேண்டியது. அவையோர்க்கு அறவே பழகாத சொல்லை வைத்து எந்த நாடகாசிரியரும் சிரிப்பை எதிர்பார்க்க மாட்டார். ஜான்சனின் 1755 அகராதி நகைப்பொருளைத் தராததும் பெரிய தடையன்று. ஓர் அகராதி ஒரு பொருளைப் பதியாததால் அது வழக்கில் இல்லை என்று ஆகிவிடாது.

நிலவியலுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. கர்க்டேல் குகையில் கிடைத்த கழுதைப்புலி எலும்புகளை 1823இல் விளக்கிய நிலவியலாளர் பக்லண்ட், அவை பிரளயத்துக்கு முந்தைய விலங்குகளுடையவை என்று முழு நம்பிக்கையோடு எழுதினார். மேடைச் சிரிப்புக்கு அப்போது 128 வயது. அது அவர் பேனாவைத் தடுக்கவில்லை. 1836இல் அந்தப் பிரளய விளக்கத்தை அவரே கைவிட்டார். நிலவியல் இச்சொல்லுக்கு ஏளனத்தைக் கற்றுத்தரவில்லை. கூடவே வாழ்ந்த கனமான பொருளைப் பறித்துக்கொண்டது, அவ்வளவே.