பால்சாக் நினைவுச்சிலை

பிரெஞ்சு நாவலாசிரியர் ஒனோரே டி பால்சாக்கின் (1799–1850) நினைவாகச் சிற்பி ஓகுஸ்ட் ரோடின் (1840–1917) வடித்த முழு உருவச்சிலை. முகச்சாயலைக் காட்டுவதோடு நிற்காமல் ஒருவரின் மனவேகத்தையே உருவமாக்கிய சிற்பம் என்று பேசப்படுகிறது.

1891இல், எமில் சோலா தலைவராக இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் சங்கம் இப்பணியை ரோடினிடம் ஒப்படைத்தது. ஒன்றரை ஆண்டில் முடிப்பதாகச் சொன்னவர் ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். பால்சாக் இறந்தபோது ரோடினுக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. எனவே பழைய படங்களைத் திரட்டினார். பால்சாக் பிறந்த தூரேன் வட்டாரத்துக்குப் போய் அதே முகவெட்டு உள்ளவர்களைத் தேடினார். பால்சாக்குக்குத் துணி தைத்த தையற்காரரைக் கண்டுபிடித்து, பழைய அளவிலேயே உடை தைத்து வாங்கினார். இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததில் பெரும்பகுதியைக் கடைசியில் ஓர் அங்கியால் மூடிவிட்டார் என்பதுதான் வேடிக்கை.

இரவெல்லாம் எழுதும்போது பால்சாக் அணிந்த, துறவி உடை போன்ற அங்கி அது. உண்மையான துணியைச் சாந்தில் தோய்த்து, ஆடையற்ற மாதிரி உருவத்தின்மேல் போர்த்தி ரோடின் அதன் மடிப்புகளைப் பிடித்தார். கைகள் உள்ளே மறைந்துவிட்டன; சட்டைக்கைகள் வெறுமையாகத் தொங்குகின்றன. பேனா, புத்தகம், நாற்காலி எதுவும் இல்லை. பாதத்திலிருந்து கழுத்துவரை நீண்டோடும் மடிப்புகளில் கண் எங்கும் தங்காமல் நேரே முகத்துக்கு ஏறிவிடுகிறது. உடல் பின்னுக்குச் சாய்ந்திருப்பதால், கூட்டத்தை ஒதுக்கிவிட்டுத் தொலைவில் எதையோ கண்டுகொண்டவரின் இறுமாப்பு தெரிகிறது.

முகத்தில் வேலைப்பாடு நேர்மாறானது. கருவிழி செதுக்கப்படவில்லை. புருவத்தின் கீழ் இரண்டு ஆழமான குழிகள். அங்கே தேங்கும் நிழலே பார்வையாகிறது. மீசை, உதடு, தலைமுடி எல்லாம் களிமண்ணை அப்பிய விரல்தடம் மாறாத திரட்டுகள். மேடுகளில் வெளிச்சம் சிதறுவதால், வெயில் நகர நகர அதே முகம் ஒரு சமயம் ஏளனமாகவும் ஒரு சமயம் களைப்பாகவும் படும். வழவழப்பாக இழைத்த முகத்தில் இது நடக்காது.

1898 கண்காட்சியில் சாந்து வார்ப்பைப் பார்த்தவர்கள் உருளைக்கிழங்கு மூட்டை என்றும் பனிமனிதன் என்றும் கேலி செய்தார்கள். சங்கமும் ஏற்க மறுத்தது. ரோடின் சிலையைத் தம் மெதோன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். 1908இல் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன் அதை அங்கே நிலவொளியில், நீண்ட நேரம் ஒளி வாங்கவிட்டுப் புகைப்படம் எடுத்தார். நுணுக்கங்கள் கரைந்து, சாய்ந்த உருவமும் கண்குழிகளும் மட்டும் எஞ்சிய அந்தப் படங்கள் சிலைக்குக் கிடைத்த நல்ல விமர்சனங்களில் ஒன்று எனலாம்.

சங்கத்துக்காக மாற்றுச் சிலையைச் செய்தவர் ரோடினின் நண்பர் அலெக்சாந்தர் ஃபால்கியேர்; இதனால் இருவரின் நட்பு முறியவில்லை. அவருடைய பால்சாக் உட்கார்ந்த கோலத்தில் பாரிஸில் 1902இல் நிறுவப்பட்டது. ரோடினின் சிலை வெண்கலமாகி மோன்பர்னாஸ் பகுதியில் பொது இடத்துக்கு வந்தது 1939இல், சிற்பி இறந்து 22 ஆண்டுகளுக்குப் பிறகு.