வராத மாணவரைத் தேடிய ஆசிரியர்

இஸ்லாமியக் கல்வி வரலாற்றை எழுதுவோர் நூல்களையும் மத்ரஸாக்களையும் பட்டியலிடத் தவறுவதில்லை. ஆனால், கற்கத் தொடங்கிய ஒருவர் பாதியில் நின்றுவிடாமல் காத்தது எது என்று வினவுவோர் குறைவு. அவ்வினாவுக்கு விடை தேடினால் நாம் கூஃபா நகருக்கே செல்ல வேண்டியுள்ளது.

துணி வணிகராகவும் விளங்கிய இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் (மறைவு ஹி. 150 / கி.பி. 767) பாட வட்டத்தில் யஃகூப் என்றோர் ஏழை மாணவர் அமர்ந்திருந்தார். இமாமுக்கு வாழ்வுக்குக் குறைவில்லை, உனக்கோ உழைத்தால்தான் உணவு என்று கூறித் தந்தை தடுத்துவிட, அவரது வருகை நின்றது. இமாம் அவர்கள் அதைக் கவனித்தார்கள், விசாரித்தார்கள். மீண்டும் வந்தவரை அமரச் செய்து, மற்றவர்கள் கலைந்து சென்ற பின்னரே ஒரு பணப்பையைக் கொடுத்தார்கள். அதில் 100 திர்ஹம் இருந்தது. தீர்ந்ததும் தெரிவிக்குமாறு கூறியிருந்தார்கள். எனினும் மாணவர் வாய் திறக்கும் முன்பே அடுத்த பை வந்துவிடுமாம். உதவியின் அளவைவிட, பிறர் கண்முன் அதைக் கொடுக்காத பண்பே நம் உள்ளத்தைத் தொடுகிறது.

கதீப் அல்பக்தாதீ தமது பக்தாத் வரலாற்றில் வேறொரு செய்தியையும் பதிவு செய்கிறார். அதன்படி தந்தை முன்பே இறந்துவிட்டார். துணி வெளுப்பவரிடம் தாய் வேலைக்குச் சேர்த்த சிறுவன் பாட வட்டத்துக்கு ஓடிவிடுவான். கடிந்துகொண்ட தாயிடம், இவன் பிஸ்தா எண்ணெயில் செய்த ஃபாலூதஜ் உண்ணக் கற்கிறான் என இமாம் கூற, பிற்காலத்தில் ஹாரூன் அர்ரஷீதின் விருந்தில் அது பலித்ததாம். இக்கதை சொல்வோர் நாவில் சற்றே இனித்துவிட்டது என்றே நாம் கருதுகிறோம். இரண்டு செய்திகளும் ஒருங்கே உண்மையாக இருக்க இயலாது. ஆயினும் வறுமையிலும், ஆசிரியர் அவரைக் கைவிடாமையிலும் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அந்த யஃகூபே, கிதாபுல் கராஜ் எழுதிய தலைமை நீதிபதி அபூயூசுஃப் (மறைவு ஹி. 182 / கி.பி. 798).

மக்காவில் வளர்ந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் தந்தையை இழந்தவரே. ஆசிரியருக்குக் கொடுக்கத் தாயிடம் ஏதுமில்லை. தாம் எழுந்து செல்லும் நேரங்களில் மற்றச் சிறுவர்களைக் கவனித்துக்கொண்டால் போதும் என்று அவ்வாசிரியர் ஏற்றுக்கொண்டார்.

மாணவரே சக மாணவருக்குத் துணை நிற்கும் இம்முறை, பின்னர் மத்ரஸாக்களில் முஈத் என்னும் பதவியாக உருப்பெற்றது. ஆசிரியர் எழுந்து சென்ற பின், பாடத்தைத் திரும்பச் சொல்லி விளங்க வைப்பது முஈதின் பணி. கி.பி. 1234இல் பக்தாதில் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யாவில் மத்ஹபுக்கு 62 பேராக 248 சட்டக்கல்வி மாணவர்கள் இருந்தனர். உணவும் உதவித்தொகையும் வக்ஃபிலிருந்தே கிடைத்தன. இங்கே பணப்பை ஓர் ஆசிரியரின் கையை நம்பியிருக்கவில்லை. அது பெரும் பேறு. ஆனால், வராதவரைப் பெயர் சொல்லி விசாரிக்கும் கடமையை எந்த வக்ஃபுப் பத்திரத்தால் எழுதி வாங்க முடியும்? அப்பணி அங்கும் ஆசிரியரின் மனத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.