குருணை

"இன்னும் கொஞ்சம் கிரானுலரா உடைச்சுக் காட்டுங்க" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். நான்கு நாள் வேலையை நான்கு ஒருநாள் வேலைகளாக உடைத்துக் கொடுக்கிறேன். திருப்தி. அடுத்த வாரம் அதையே மணிக்கணக்கில் கேட்பார்கள். எங்கள் தொழிலில் இந்தச் சொல்லுக்கு 'நுணுக்கமாக' என்று மட்டும்தான் பொருள்.

உரக்கடையில் இதற்குத் தமிழ்ச்சொல்லே இருக்கிறது: குருணை. அரிசி ஆலையில் உடைந்து விழும் அதே குருணைதான், 'குருணை மருந்து' என்று பூச்சிமருந்துக்கும் பெயராகியிருக்கிறது. லத்தீனில் கிரானும் என்றால் தானியம், கிரானுலும், சிறுமணி. கிரானைட்டும் அந்த வேரில் வந்ததுதான். குருணைக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேலும் உடைத்தால் மாவு. அந்த அளவு எது என்பதைத்தான் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை.

அது சிறியதாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. 1860களில் இங்கிலாந்து வானியலாளர்கள் சூரியனின் மேற்பரப்பில் தெரிந்த பொட்டுகளுக்குப் பெயர் வைக்கச் சண்டை போட்டார்கள். ஜேம்ஸ் நாஸ்மித்துக்கு அவை வில்லோ மர இலைகள். கிரீனிச்சில் ஒருவருக்கு அரிசிமணிகள். வில்லியம் டாஸ், வடிவத்தைப் பற்றி எதுவும் சொல்லாத ஒரு சொல்லாக 'கிரானுல்' என்றார். அதுவே நிலைத்தது. அந்தக் குருணை ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலம். சில நிமிடங்கள் கொதித்து அடங்கிவிடும்.

கணினித் துறையில் இந்தச் சொல்லைக் கவனமாகப் பயன்படுத்தியவர் ஜிம் கிரே. 1976இல், ஐபிஎம்மில் இருந்தபோது, மூன்று சகாக்களுடன் அவர் எழுதிய கட்டுரை தரவுத்தளப் பூட்டுகளின் குருணை அளவைப் பற்றியது. நம்ம ஊர் ரயில் முன்பதிவை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் ஒரு பெர்த்தைப் பதிவு செய்யும்போது ரயிலையே பூட்டினால் மற்ற எல்லோரும் காத்திருக்கவேண்டும். ஒவ்வொரு பெர்த்துக்கும் தனிப்பூட்டு என்றால், ரயில் முழுவதையும் மாற்றவேண்டிய வேலைக்கு நூற்றுக்கணக்கான பூட்டுகளை நிர்வகிக்கவேண்டும். ஆக, நுணுக்கம் இலவசமில்லை. அவர்கள் இரண்டையும் அனுமதித்தார்கள்: பெர்த்தைப் பூட்டுமுன் ரயிலின்மீதும் பெட்டியின்மீதும் 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று ஓர் அடையாளம் வைத்துவிடு. இன்றும் பல தரவுத்தளங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. என் கருத்தில் இது எங்கள் துறையின் மிக அழகான யோசனைகளில் ஒன்று. சரி, கொஞ்சம் பக்திதான்.

1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு, மைக்ரோசாஃப்டில் அவர் குழு டெராசர்வரை வெளியிட்டது. பூமியின் வான்வழிப் படங்களைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டித் தரவுத்தளத்தில் அடுக்கி, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கவைத்த தளம் அது.

2007 ஜனவரி 28, ஞாயிறு. தாயின் அஸ்தியைக் கடலில் தூவ, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஃபாரலான் தீவுகளை நோக்கி கிரே தனியாகப் படகில் கிளம்பினார். திரும்பவில்லை. கடலோரக் காவல்படை சில நாட்கள் தேடி நிறுத்திக்கொண்டது. நண்பர்கள் நிறுத்தவில்லை. செயற்கைக்கோள் படங்களை வாங்கி, சிறு சதுரங்களாக வெட்டி, அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் ஏற்றினார்கள். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் அவரவர் வீட்டிலிருந்து ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தார்கள். சுமார் 12 மீட்டர் நீளப் படகு அந்தப் படங்களில் சில புள்ளிகள்தான். அலைநுரையும் அப்படித்தான் தெரியும், மேகத்துண்டும் அப்படித்தான். சந்தேகப்பட்ட சதுரங்களை நிபுணர்கள் மறுபடி பார்த்தார்கள்.

அந்தச் சதுரங்களை இன்னும் பொடியாக வெட்டியிருந்தாலும் புள்ளி புள்ளிதானே.

பிறகு கடலடியிலும் தேடினார்கள். படகு கிடைக்கவில்லை. 2012இல் நீதிமன்றம் அவரை இறந்தவராக அறிவித்தது.