அரவிந்த் கண் மருத்துவமனை: தொடக்கக் கால நிதி நெருக்கடி

மதுரையில் 1976இல் கோவல் அறக்கட்டளையின் சார்பில் 11 படுக்கைகளோடு தொடங்கப்பட்டது அரவிந்த் கண் மருத்துவமனை. நிறுவனர் டாக்டர் கோ. வெங்கடசாமி (1918–2006) அப்போது 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு கண் அறுவை செய்யப் பழகியவர். கையில் முதல் இல்லை. வங்கிகளும் கடன் தர முன்வரவில்லை. வீட்டை அடமானம் வைத்தார். உடன்பிறந்தவர்கள் நகைகளை அடகு வைத்தனர். குடும்பத்து மருத்துவர்கள் குறைந்த வருமானத்தில் உடன் உழைத்தனர். பணம் சேரச் சேரக் கட்டடம் எழுந்தது.

நன்கொடையை நம்பியிராத வரவுமுறையே இந்நிறுவனத்தை நிலைநிறுத்தியது. வசதியுள்ளவர் செலுத்தும் கட்டணத்தின் மிச்சம் ஏழைகளின் சிகிச்சைக்குப் போகும். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தப்படுத்திவிடுவார். மருத்துவர் திரும்பி உட்கார்ந்தால் போதும். இதனால் ஓர் அறுவைக்கான செலவு வெகுவாகக் குறைந்தது. கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்ததால் 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனம் தொடங்கப்பட்டு, உள்விழி லென்ஸ்கள் மதுரையிலேயே தயாராயின. நெருக்கடியிலும் ஏழைகளுக்கான இலவசப் படுக்கைகளைக் கைவிடாததே வெங்கடசாமியின் தலைமைக்குச் சிறந்த சான்று.