வட ராக்கி மலைகளில் ஓநாய் மீள்குடியேற்றம்

அமெரிக்காவின் வட ராக்கி மலைப்பகுதியில் ஏறக்குறைய அழிந்துபோயிருந்த சாம்பல் ஓநாயை 1995, 1996 ஆண்டுகளில் நடுவண் அரசு கனடாவிலிருந்து பிடித்துவந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் ஐடஹோவின் நடுப்பகுதியிலும் விட்டது. அதையும், அதன் பின் மான்டானா, ஐடஹோ, வயோமிங் மாநிலங்களில் இன்றுவரை நீளும் பூசலையும் இக்கட்டுரை கூறுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது தலைக்கணக்குச் சண்டை. ஆனால் அந்தக் கணக்கை எழுதும் அதிகாரம் யாருக்கு என்ற இடத்தில்தான் ஊர் இரண்டுபடுகிறது.

ஒழிப்பும் மீட்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காட்டெருமையும் எல்க் மானும் வேட்டையில் அருகின. அவற்றின் இடத்தை மாடும் ஆடும் நிரப்ப, இரை இழந்த ஓநாய் மந்தையில் கைவைத்தது. மாநிலங்கள் ஓநாய்த் தலைக்கு விலை வைத்தன. 1915 முதல் நடுவண் அரசே சம்பளத்துக்கு வேட்டைக்காரர்களை அமர்த்தியது. பொறியும் நஞ்சும் எஞ்சிய வேலையை முடித்தன. யெல்லோஸ்டோனில் கடைசியாக 1926இல் இரண்டு குட்டிகளைக் கொன்றவர்கள் பூங்காவின் ஊழியர்களேதாம்.

அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் 1973இல் வந்தது. அதில் 1982இல் செய்த திருத்தம், மீள்குடியேற்றும் விலங்குகளை ‘இன்றியமையாததல்லாத சோதனைக் கூட்டம்’ என வகைப்படுத்த வழிவிட்டது. பெயர்தான் விந்தை, பயன் பெரிது. மாட்டைக் கடிக்கும் ஓநாயைக் கண்ணெதிரே கண்ட பண்ணையாளர் தம் நிலத்தில் அதைச் சுடலாம் என்றானது. இந்தச் சலுகை இல்லையென்றால் ஓநாய்கள் அங்கே வந்திருக்கவே முடியாது.

1995 ஜனவரியில் ஆல்பர்ட்டாவிலிருந்து 14 ஓநாய்கள் யெல்லோஸ்டோனுக்கு வந்தன. லாமர் பள்ளத்தாக்கை ஒட்டிய அடைப்புகளில் சில வாரம் வைத்துப் பழக்கி, மார்ச்சில் கதவைத் திறந்தார்கள். ஐடஹோவுக்கு வந்தவற்றை நேரே காட்டில் விட்டார்கள். மறு ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்தவற்றையும் சேர்த்து மொத்தம் 66. 1995 ஏப்ரலிலேயே, மான்டானாவின் ரெட் லாட்ஜ் ஊருக்கு அருகே 10ஆம் எண் ஆண் ஓநாயை ஒருவர் சுட்டுக் கொன்றார். அதன் துணையான 9ஆம் எண் பெண் ஓநாய் அங்கேயே எட்டுக் குட்டிகளை ஈன்றது. தாயையும் குட்டிகளையும் பிடித்து மீண்டும் அடைப்புக்குள் கொண்டுவந்தார்கள். பிற்காலத்தில் பூங்காவில் பெருகிய கூட்டங்கள் பலவற்றில் அவற்றின் வம்சம் தொடர்ந்தது.

நீதிமன்றத்துக்கும் காங்கிரசுக்கும் இடையே

பண்ணையாளர் அமைப்புகள் தொடுத்த வழக்கில், கொண்டுவந்த ஓநாய்களை அகற்றவேண்டும் என்று வயோமிங் நீதிபதி ஒருவர் 1997இல் தீர்ப்பளித்தார். அது நிறைவேறாமல் நிறுத்திவைக்கப்பட்டு, 2000இல் மேல்முறையீட்டில் ரத்தானது. மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 30 இனப்பெருக்க இணைகள், 300 ஓநாய்கள், அதுவும் மூன்றாண்டு தொடர்ந்து என்று வைத்த இலக்கு 2002இல் எட்டப்பட்டது. 1973 சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியதுதான் நிலைக்கவில்லை. 2008இல் நீக்கினார்கள், நீதிமன்றம் தடுத்தது. 2009இல் மான்டானாவிலும் ஐடஹோவிலும் மட்டும் நீக்கி முதல் வேட்டைப் பருவத்தை நடத்தினார்கள், 2010இல் அதுவும் செல்லாதென்றானது. ஒவ்வொரு முறையும் பண்ணைக்காரர் படித்துக்கொண்ட பாடம் ஒன்றே: இலக்கை எட்டினாலும் ஆட்டவிதி மாறும். 2011இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், வரவு செலவுச் சட்டம் ஒன்றில் சில வரிகளைச் செருகி இவ்விரு மாநில ஓநாய்களைப் பட்டியலிலிருந்து எடுத்ததுடன், நீதிமன்றம் தலையிடவும் தடை போட்டது. ஓர் உயிரினத்தைக் காங்கிரசே பட்டியலிலிருந்து நீக்கியது அதுவே முதல் முறை. வயோமிங்கில் 2012இல் நீங்கி, 2014இல் திரும்பிய பாதுகாப்பு, 2017இல் மறுபடி விலகியது.

மேய்ச்சல்காரர் கணக்கு

இங்கே ஆற்றோரப் புல்வெளி பண்ணையாளரின் சொந்த நிலம். கோடையில் மந்தை ஏறும் மலைச்சரிவு பெரும்பாலும் அரசு நிலம். மாடும் கன்றும் சேர்ந்து மேய மாதத்துக்கு 1.35 டாலர் என்ற அளவிலேயே நெடுங்காலம் கட்டணம் இருந்துவந்தது. பொது நிலத்தில் மலிவாக மேய்த்துக்கொண்டு பொதுச் சொத்தான விலங்கைக் கொல்லச் சொல்வதா என்று நகரவாசி கேட்பது இதனால்தான். நோய், வானிலை, ஈற்றுச் சிக்கல் ஆகியவற்றால் சாகும் மாடுகளோடு ஒப்பிட்டால் ஓநாயிடம் சாவது சிறு பங்கு என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சராசரி யாருக்கும் ஆறுதல் தராது. இழப்பு எல்லாப் பண்ணைக்கும் பரவுவதில்லை; ஒரே பள்ளத்தாக்கின் இரண்டு மூன்று பேர் தலையில் விழுகிறது.

இழப்பீடு பெறச் சடலம் வேண்டும். அரசு ஊழியர் வந்து தோலை உரித்து, பல் பதிந்த இடத்தின் கீழே இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். கட்டியிருந்தால் உயிரோடு இருந்தபோது கடிபட்டது, இல்லையென்றால் செத்ததைத் தின்றது. அடர்காட்டில் முழுதாகத் தின்னப்பட்ட கன்றுக்கு எந்தத் தோலை உரிப்பது? மிரண்டு மேயாமல் இளைத்த மாட்டுக்கும் சினை தங்காத மாட்டுக்கும் படிவமே கிடையாது. ‘வனவிலங்குக் காவலர்’ என்னும் தன்னார்வ அமைப்பு 1987 முதல் 2010 வரை தன் நிதியிலிருந்து ஈடு கொடுத்தது. பிறகு பொறுப்பு மாநிலங்களுக்குப் போனது.

‘சுடு, புதை, வாயை மூடு’ என்பது இந்த ஊர்களில் பழகிய பேச்சு. ஆனாலும் மான்டானாவின் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில் பண்ணையாளர்களே கூடி, செத்த மாடுகளை உடனே அள்ளி அகற்றுவது, குதிரைமேல் ஆள் வைத்து மந்தையைச் சுற்றிவருவது, கன்று ஈனும் அடைப்புக்கு மின்வேலி போடுவது என்று இழப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். பணமும் ஆளும் வேண்டிய வேலை. எந்தத் தீர்ப்பையும்விட அது அதிகம் சாதித்திருக்கிறது.

எல்க்கும் வேட்டையும்

யெல்லோஸ்டோனின் வடமந்தையில் 1994இல் ஏறக்குறைய 19,000 எல்க் இருந்தன; 2013இல் சுமார் 4,000. இந்தச் சரிவுக்கு வேட்டை வழிகாட்டிகள் ஓநாயையே காரணமாகச் சொல்கிறார்கள். கரடி, மலைச்சிங்கம், வறட்சி, பூங்காவுக்கு வெளியே மனிதர் ஆடிய வேட்டை ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஓநாய் வந்து எல்க் குறைந்ததும் வில்லோ மரம் தழைத்தது, பீவர் திரும்பியது, ஆறே தடம் மாறியது என்று ஆர்வலர் சொல்லும் கதையும் ஆய்வாளர்களிடையே தகராறுக்குரியது. அது சொல்லப்படும் அளவுக்கு எளிதானதன்று.

லாமர் கூட்டத்தை நடத்திய, சுற்றுலாப் பயணிகள் அறிந்த 832ஆம் எண் பெண் ஓநாய் 2012 டிசம்பரில் பூங்கா எல்லைக்கு வெளியே வயோமிங்கில் சட்டப்படியே சுடப்பட்டது. 2021இல் ஐடஹோ ஒருவர் கொல்லும் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை நீக்கியது. மான்டானா இரைவைத்துச் சுடவும், தனியார் நிலத்தில் இரவு வேட்டைக்கும் இசைந்தது. அந்தக் குளிர்காலத்தில் எல்லை தாண்டிய 25 யெல்லோஸ்டோன் ஓநாய்கள் கொல்லப்பட்டன. மீள்குடியேற்றத்துக்குப் பின் ஒரு பருவத்தில் அதுவே மிக அதிகம். அடுத்த பருவத்தில் பூங்காவை ஒட்டிய ஒரு பகுதிக்கு மான்டானா 6 என்று வரம்பிட்டது. வயோமிங்கின் சுமார் 85 விழுக்காடு நிலப்பரப்பில் ஓநாயைக் கொல்ல உரிமமோ வேட்டைப் பருவமோ எதுவும் தேவையில்லை.

தெற்கே கொலராடோவில் 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பே ஓநாயை அழைத்தது. 51 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான ஆதரவு, அதிலும் பெரும்பகுதி நகரங்களிலிருந்து. மேய்ச்சல் நிலம் மிகுந்த மேற்குச்சரிவு மாவட்டங்களில் பெரும்பாலானவை எதிர்த்தே வாக்களித்தன. 2023 டிசம்பரில் அங்கே விடப்பட்ட முதல் 10 ஓநாய்கள் ஓரிகனிலிருந்து வந்தவை. மான்டானா, ஐடஹோ, வயோமிங் மூன்றும் தர மறுத்துவிட்டன.