முதற்கத்தி: குக்குரியும் நம் காட்டுக்கத்தியும்

சரசுவதி பூசையன்று எம் வட்டக்கச்சி வீடுகளிலே புத்தகங்களுக்குப் பக்கத்தில் மண்வெட்டியும் கோடரியும் அரிவாளும் காட்டுக்கத்தியும் கழுவித் துடைத்து வைக்கப்பெறும். கல்விக்குரிய பொருளும் தொழிலுக்குரிய பொருளும் ஒரே சந்தனமும் குங்குமமும் பெறும் நாள் அது. சென்ற ஆண்டுப் பூசையின்போது, எமக்கு வேண்டியவர் வீடொன்றில், அவ்வரிசையிலே புதிய விருந்தாளி ஒன்றையும் கண்டோம். அவ்வீட்டு இளைஞர் பசுபதிநாதரைத் தரிசிக்க நேபாளம் சென்றபோது வாங்கிவந்த குக்குரி என்னும் வளைகத்தி அது. கண்ணாடிபோல் மினுங்கும் அலகு. அலகின்மேல் சிங்க உருவம். உறைக்குப் பித்தளைப் பூண்.

இரணைமடு வாய்க்கால் நீரிலே அரை நூற்றாண்டுக்குமேல் வயல் செய்த முதியவர் ஒருவர் அதனைக் கையிலெடுத்துப் பார்த்தார்.

“உதாலை இதுவரைக்கும் என்ன வெட்டினனீ, மோனை?”

“ஒண்டும் வெட்டேல்லை, அப்பு. வடிவாயிருக்கெண்டு வாங்கினது.”

“அப்ப உது இன்னும் கத்தியாகேல்லை.”

மறுநாள் விசயதசமி. ஆயுதங்களை எடுத்தபின், காய்ந்த பாலை விறகொன்றிலே அக்கத்தி பரீட்சிக்கப்பட்டது. மூன்றாம் வெட்டிலே பிடி ஆடத் தொடங்கிற்று. சுற்றி நின்றோர் சிரித்தனர், முதியவர் சிரிக்கவில்லை. “பெடியனிலை பிழையில்லை. கத்தி பாத்தெடுக்க ஆர் அவனுக்குச் சொல்லிக் குடுத்தது?” என்றார். அக்கேள்வி எம்மையும் தைத்தது. அதற்கு விடைகூறும் முயற்சியே இக்கட்டுரை.

கத்தி வந்த வழி

குக்குரி நேபாள நாட்டின் அடையாளமாக உலகெங்கும் அறியப்பட்ட கத்தியாகும். 1559ஆம் ஆண்டு கோர்க்கா அரசை நிறுவிய திரவிய சா மன்னருக்கு உரியதெனக் கூறப்படும் குக்குரி ஒன்று காத்மாண்டு தேசிய நூதனசாலையிலே உளது. இக்கத்தியின் மூலம் யாது? கிரேக்கர் கொண்டுவந்த வளைவாளே இவ்வுருப் பெற்றதென்பர் சிலர். கதிரறுக்கும் அரிவாளே வளர்ந்து குக்குரியாயிற்று என்பர் வேறு சிலர். முடிந்த முடிபு எதுவும் இல்லை. ஆயினும் வயலிலே அரிவாள் பிடித்த கைக்கு இரண்டாவது கருத்தே இயல்பாகத் தோன்றும்.

இக்கத்தி உலகிற் பெயர் பெற்றது போரினாலேயே. 1814ஆம் ஆண்டிலே ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பனி நேபாளத்தின்மீது படையெடுத்தது. தேராதூனுக்கு அண்மையிலுள்ள நாலாபானிக் கோட்டையைப் பலபத்திர குன்வர் என்னும் வீரர் சிறிய படையொன்றுடன் காத்து நின்றார். ஒக்டோபர் 31ஆம் நாள் அக்கோட்டையைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி அங்கேயே மாண்டார். எதிரியின் ஆற்றலைக் கண்ட ஆங்கிலேயர், போர் முற்றாக முடியுமுன்னரே, 1815இல் கூர்க்கரைத் தம் படையிற் சேர்க்கத் தொடங்கினர். அன்றுமுதல் அவ்வீரர் சென்ற இடமெல்லாம் அவர்தம் இடுப்பிலே குக்குரியும் சென்றது. 1947இல் இந்தியா சுதந்திரம் பெற்றபோது, அப்போதிருந்த 10 கூர்க்கா படைப்பிரிவுகளுள் 6 இந்தியாவுக்கும் 4 பிரித்தானியாவுக்கும் எனப் பிரிக்கப்பட்டன.

எம் நாட்டு வடபகுதிக்கும் இக்கத்தி அவ்வழியே வந்தது. 1987 யூலை 29ஆம் நாள் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானபின் இங்கு வந்த இந்திய அமைதிகாக்கும் படையிலே கூர்க்கா பிரிவுகளும் இருந்தன. 1990 மார்ச்சிலே அப்படை முற்றாக மீண்டது. இடைப்பட்ட அக்காலத்தை வாழ்ந்து கடந்த எம் முதியோருட் சிலர்க்குக் கூர்க்கர் என்ற சொல் இன்றும் ஒரு நடுக்கத்தைத் தரும். இதனை மறைத்து இக்கத்தியைப்பற்றி எழுதுதல் நேர்மையாகாது.

படைக்கலமோ பணிக்கருவியோ?

ஆனால் நேபாளத்து மலைக்கிராமத்திலே இக்கத்தியைப் பார்ப்பவர் வேறொரு காட்சியைக் காண்பர். உழவன் இதனாலே விறகு பிளக்கிறான்; மாட்டுக்குக் குழை வெட்டுகிறான்; வேலிக்குத் தடி சீவுகிறான். அடுக்களையிலே மரக்கறியும் இறைச்சியும் நறுக்குவது இதுவே. எமக்குக் காட்டுக்கத்தி எதுவோ, அவர்க்குக் குக்குரி அது. “உறையிலிருந்து எடுத்தால் இரத்தம் காணாமல் மீண்டும் உறையிடலாகாது” என்றொரு கதை உண்டு. அது உண்மையன்று. உண்மையாயின், அந்த உழவன் நாளொன்றுக்கு எத்தனை முறை தன் விரலை வெட்டிக்கொள்ள நேரும்!

நாம் நவராத்திரியும் விசயதசமியும் கொண்டாடும் அதே நாட்களிலேயே அவர்கள் தசைன் என்னும் பெருவிழாவைக் கொண்டாடுகின்றனர். நவமி நாளிலே கருவிகளும் ஆயுதங்களும் அங்கே பூசை பெறுகின்றன. குக்குரியை அடிக்கும் கொல்லர் காமி எனப்படுவர். அவருட் பலர் தம் பெயரோடு விசுவகர்மா என்றே சேர்த்து எழுதுவர். எம்மிடையிலும் கம்மாளர் தம்மை விசுவகர்மாவின் வழியினர் என்றே சொல்லிக்கொள்வர். இமயத்தின் அடிவாரத்திலும் இரணைமடுவின் அருகிலும் உலைமுன் நிற்பவர் ஒரே முன்னோனை வணங்குகின்றனர்.

இங்கே வெட்கத்துடன் கூறவேண்டியது ஒன்றுண்டு. ஒரு நாட்டின் பெருமையாகிய கத்தியை அடித்துக் கொடுத்த அக்கொல்லர், அந்நாட்டிலேயே தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டிருந்தனர். 1963ஆம் ஆண்டின் சட்டத்தினாலேதான் சாதிப் பாகுபாட்டுக்கு அங்கே சட்ட ஆதரவு நீங்கிற்று. மனத்திலுள்ள பாகுபாடு அவ்வளவு விரைவில் நீங்கவில்லை. கருவிக்குப் பூசை செய்து, அதனைச் செய்த கையை விலக்கி வைத்த தவறு எம் சமூகத்திலும் இருந்ததன்றோ? கத்திக்குச் சந்தனம் இடும்போது இதனையும் நினைத்தல் நன்று.

எம்மூரின் முதற்கத்தி

கிளிநொச்சிக் குடியேற்றம் 1936ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. யாழ்ப்பாணத்திலே நிலமும் தொழிலும் போதாதிருந்தவர்க்கு வன்னியிலே காணி வழங்கப்பட்டது. அவ்வழியிலேயே வட்டக்கச்சியும் பின்னர் குடியேற்றக் கிராமமாக வளர்ந்தது. இன்று நெல்லும் தென்னையும் நிற்கும் இந்நிலத்திலே அன்று பாலையும் வீரையும் முதிரையும், அவற்றின் கீழே சூரைப் பற்றையும் நின்றன. காணி பெற்று வந்தவரின் கையிலே முதலில் இருக்கவேண்டியிருந்தது காட்டுக்கத்தியே. வயலும் வீடும் கிணறும் அதன்பின் வந்தவை. 2009இல் முடிந்த போருக்குப்பின் மீண்டு வந்தவர்க்கும் நிலை அதுவே. கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலம் என்று உறுதி கிடைத்தபின், வளவை மூடியிருந்த பற்றையை வெட்டத்தான் முதலிற் கை நீண்டது.

அக்காலத்திலே கத்தி வாங்குபவர் கடையிற் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து வாங்கவில்லை. கம்மாலைக்குச் சென்று, கொல்லரிடம் தம் கையைக் காட்டி, வெட்டவேண்டியது தடியா பற்றையா என்று சொல்லி அடிப்பித்தனர். கத்தி மழுங்கினால் அவரிடமே திரும்பவும் சென்றனர்.

ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தி புறநானூற்றிலே உண்டு. மன்னன் தன் படைக்கலங்களைக் காட்டினான். அவை நெய் பூசி மாலை சூட்டி மினுங்கின. அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து எப்போதும் கொல்லன் உலைக்களத்திலேயே கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வதுபோல் அவர் பழித்தது எதனை என்பதை மாணாக்கர் அறிவர். கத்தி வாங்கச் செல்லும் இளைஞரும் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

தெரிவு செய்யும் முறை

இனி, முதற் குக்குரி வாங்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, அளவு. வழக்கமான குக்குரி பிடியுடன் சேர்த்து 40 முதல் 45 சென்ரிமீற்றர் நீளமும், 450 முதல் 900 கிராம் நிறையும் உடையது. பெரிய கத்தி பெரிய வீரம் என்று எண்ணலாகாது. பலிக்கெனச் செய்யும் நீண்ட கத்திகள் வீட்டு வேலைக்கு உதவா. அலகு 10 அங்குலமளவு உள்ளதே முதற்கத்திக்குப் போதும். கையில் எடுத்தால் நிறை முன்னோக்கி இழுக்கவேண்டும். ஆயினும் மணிக்கட்டு களைக்கலாகாது.

இரண்டாவது, முதுகு. பிடியருகிலே தடித்து, நுனியை நோக்கி மெலிந்து செல்வது நல்ல கத்தி. தொடக்கமுதல் நுனிவரை ஒரே தடிப்பாயிருப்பின், அது தகட்டை வெட்டி எடுத்ததேயன்றி அடித்துச் செய்ததன்று.

மூன்றாவது, துவைச்சல். நேபாளக் கொல்லர் பெரும்பாலும் பழைய வாகனங்களின் வில்லுத்தகட்டையே காய்ச்சி அடிப்பர். பழுக்கக் காய்ந்த அலகின் வெட்டுவாயில் மட்டும் கேத்திலால் நீரை வார்ப்பர். இதனால் வாய் கடினமாகும். முதுகு சற்று மென்மையாய் நின்று அதிர்வைத் தாங்கும். கடைக்காரர் இசைந்தால் சிறிய அரத்தினாற் பரீட்சிக்கலாம். அரம் முதுகிலே பிடித்து, வாயிலே வழுக்கினால் கத்தி நன்று. இரண்டிலும் ஒன்றுபோற் பிடித்தால் வாய் துவையவில்லை என்க.

நான்காவது, பிடி. இதுவே எம் இளைஞரை ஏமாற்றியது. ஒருவகையிலே அலகின் இரும்புவால் பிடிக்குள் ஒடுங்கிப் புகுந்து, லாகா என்னும் அரக்குப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். மற்றொருவகையிலே வால் பிடியின் முழு அகலத்துக்கும் வந்து, இருபுறமும் மரம் வைத்து ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். இரண்டும் பழைய முறைகளே. இரண்டிலும் நன்றும் தீதும் உண்டு. அலகைப் பிடித்துப் பிடியைத் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலத்தால் விட்டுவிடுங்கள். எருமைக்கொம்புப் பிடி அழகானது. ஆனால் எம் வன்னிக் கோடையிலே காய்ந்து வெடிக்கக்கூடும். முதற்கத்திக்கு மரப்பிடியே தக்கது.

ஐந்தாவது, உறை. பிடியருகே வாயில் உள்ள சிறு வெட்டுக்குறியையும், உறையிற் செருகியிருக்கும் இரு சிறு கருவிகளையும் கண்டு வியவாதார் இல்லை. அக்குறியைப் பசுவின் குளம்பு என்றும் சிவசின்னம் என்றும் பலவாறு கூறுவர். சிறு கருவிகளுள் கர்தா என்பது சிறுகத்தி; சக்மக் என்பது வாயைத் தீட்டவும் சிக்கிமுக்கிக் கல்லில் நெருப்பெடுக்கவும் உதவும் மழுங்கிய இரும்பு. இவை உளவா என்பதைவிட, உறை கத்தியை இறுகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். கத்தியை உருவும்போது உறையின் முதுகுப்பக்கத்தை மட்டுமே பிடித்தல் வேண்டும். வாய்ப்பக்கத்தைச் சுற்றி விரல் வைத்தால், உறை பிளந்து விரல் வெட்டுண்ணும்.

சிங்கமும் பூவேலையும் கண்ணாடி மினுக்கமும் இவ்வைந்தினுள் ஒன்றிலும் சேரா. விமானத்திற் கொண்டுவருவோர் கைப்பொதியில் வைக்கலாகாது. பாரப்பொதிக்கும் சுங்கத்துக்கும் உரிய விதிகளை முன்னரே விசாரித்தல் வேண்டும். வீட்டுக்கு வந்தபின் ஈரம் துடைத்து எண்ணெய் பூசுக. நெடுநாள் எடுக்காது வைப்பதாயின் தோலுறையுள் வைக்கற்க.

ஒன்றை ஒளியாது சொல்லவேண்டும். தடி வெட்டவும் விறகு பிளக்கவும் குக்குரி நல்ல துணை. சூரைப் பற்றைக்கு அது உதவாது. பற்றையை வளைத்து இழுக்கும் மூக்கு அதற்கில்லை. கை முள்ளுக்கு அண்மையிற் செல்லும். அவ்வேலைக்கு எம் காட்டுக்கத்தியே பொருத்தமானது. அந்தந்த நிலத்தின் காடே அந்தந்தக் கத்தியை வளைத்துக் கொடுத்தது.

எதற்காக இக்கத்தி?

வாங்கும் முன்னர் இளைஞர் தம்மைத்தாமே கேட்கவேண்டிய வினா ஒன்று எஞ்சியுளது. அண்மை ஆண்டுகளிலே எம் வடபகுதிப் பத்திரிகைகளில் வாள்வெட்டு என்பது பழகிப்போன சொல்லாயிற்று. கம்மாலையையே காணாத பிள்ளைகள், கூரிய இரும்பைக் கையிலெடுத்தால் தாம் பெரியவர் ஆகிவிட்டதாக எண்ணுகின்றனர். எத்தனையோ படைகளின் ஆயுதங்களைக் கண்டு களைத்த மண் இது. பிறரை அஞ்சச் செய்வதற்காக ஒரு கத்தி வேண்டுமாயின், அது நேபாளத்துக் கத்தியாயினும் உள்ளூர்க் கத்தியாயினும் வாங்கற்க. தடி வெட்டவும் வேலி கட்டவும் விறகு பிளக்கவும் வேண்டுமாயின், நன்றாகப் பார்த்து வாங்குக. வீட்டு முதியவரையும் உடன் அழைத்துச் செல்க.

நாம் தொடக்கத்திற் கூறிய இளைஞர், அக்குக்குரியை எறிந்துவிடவில்லை. முதியவரோடு கம்மாலைக்குக் கொண்டுசென்றார். கொல்லர் பழைய பிடியை நீக்கி, வைரம் பாய்ந்த மரத்தாற் புதுப்பிடி இட்டு, வாயை மீண்டும் காய்ச்சித் துவைத்துக் கொடுத்தார். உலைச்சூட்டிலே கண்ணாடி மினுக்கம் போயிற்று. சிங்கமும் பாதி மறைந்தது. இவ்வாண்டு மாரிக்குமுன் அவர் தம் வளவின் கிழக்கு வேலியைத் தாமே அடைத்தார். கதியால்களை வெட்டியது அக்கத்தியே. வருகின்ற சரசுவதி பூசையிலே அது காட்டுக்கத்திக்குப் பக்கத்திலே கீறலும் கறையுமாகக் கிடக்கும். முதியவர் இம்முறை என்ன கேட்பார் என்று நாமும் காத்திருக்கிறோம்.